மோல்டாவில் அம்மா

அப்பா சவுதியில் ஏழு வருடம் வேலை செய்தவர். அங்கே கற்ற அரபு, ஊருக்குத் திரும்பிய பிறகு எங்களை வெருட்ட மட்டும்தான் பயன்பட்டது. "யல்லா, யல்லா" என்றால் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த அரபு ஒருநாள் ஐரோப்பாவில் பாண் வாங்க உதவும் என்று எங்களில் ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

அக்கா மோல்டாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். போன ஆகஸ்டில் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டிருந்தாள். விசா எடுத்த கதையை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும், விடுவம். சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவில் கிடக்கிற சின்னத் தீவுக்கூட்டம் அது. மோல்டா, கோசோ, கொமினோ எல்லாவற்றையும் சேர்த்தாலும் 316 சதுர கிலோமீற்றர்தான். யாழ்ப்பாண மாவட்டத்தின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சனம் ஐந்து இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதல் நாள் காலை அக்கா வீட்டுக்குக் கீழே இருந்த பேக்கரிக்குப் போனோம். முன்னுக்கு நின்ற கிழவி "ஹொப்ஸ்" என்று கேட்டு ஒரு பெரிய வட்டப் பாணை வாங்கினார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். "உது குபூஸ் எல்லே!" பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. காசை எண்ணிய கடைக்காரர் "வீஹெத், ட்நேய்ன், ட்லீத்தா" என்றார். அப்பா பக்கத்தில் நின்று "வாஹித், இத்னேன், தலாத்தா" என்று கூடவே எண்ணினார். தெருப்பலகையில் வீதிக்குப் போட்டிருந்த சொல்லையும் "தரீக்" என்று அவரே வாசித்துக் காட்டினார். கதவு பீப், வீடு டார், பழைய தலைநகரின் பெயர் இம்தீனா. மதீனாதான் அது.

அரபிகள் 870இல் இந்தத் தீவைப் பிடித்தார்கள். 1091இல் நோர்மன்கள் வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தீவு முழுக்கக் கத்தோலிக்கம் ஆனது. ஆனால் வாய்மொழி மாறவில்லை. இன்றைக்கும் பூசையில் கடவுளை "அல்லா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தவக்காலத்துக்குப் பெயர் "ரண்டான்", அதாவது ரமழான். 1530இல் வந்த புனித யோவான் மாவீரர்கள் காலத்திலும், 1800க்குப் பிறகு வந்த ஆங்கிலேயர் காலத்தில் நெடுநாள் வரையிலும் பெரிய மனிசரின் மொழி, நீதிமன்ற மொழி எல்லாம் இத்தாலியன்தான். மோல்டீஸ் அடுப்படி மொழியாகவும் வயல் மொழியாகவும் கிடந்தது. 1934இல்தான் அது அரச மொழியானது. 2004இல் மோல்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அங்கேயும் உத்தியோகபூர்வ மொழியானது.

"ஐஞ்சு இலட்சம் பேர் கதைக்கிற பாஷைக்கு ஐரோப்பியப் பாராளுமன்றத்தில மொழிபெயர்ப்பாளர் வைச்சிருக்கினம்," என்றான் தம்பி. மேலே என்ன சொல்லப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா அவனுடைய கையில் ஒரு பஸ்டிட்ஸியைத் திணித்தார். பட்டாணி வைத்த, எங்கட பற்றிஸுக்குத் தூரத்துச் சொந்தமான பலகாரம். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மூன்றாம் நாள் கோசோவுக்குப் போனோம். சிர்கெவ்வாத் துறையில் இருந்து படகில் அரை மணித்தியாலமும் இல்லை. அங்கே ஜிகன்தியா என்ற கல்கோயில்கள் இருக்கின்றன. கி.மு. 3600 அளவில் கட்டத் தொடங்கியவை. எகிப்தின் பெரிய பிரமிட்டைவிட ஏறத்தாழ ஆயிரம் வருடம் மூத்தவை. சில கற்கள் ஐம்பது தொன்னுக்கு மேலே. சக்கரமோ இரும்போ தெரியாத காலம். இதை மனிதர் கட்டியிருக்க ஏலாது என்று பிறகு வந்த சனம் நினைத்து ஒரு கதை கட்டியது: அவரையும் தேனும் மட்டும் தின்கிற ஒரு அரக்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே இந்தக் கற்களைச் சுமந்து அடுக்கினாளாம். அக்கா அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தமிழில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளையை ஆர் வைச்சிருக்கிறது, அவள் கொண்டுதானே போகவேணும்," என்றார்.

அம்மாவுக்குக் கோயிலைவிடச் சுற்றியிருந்த வயல்தான் பிடித்தது. எங்கு பார்த்தாலும் சுண்ணக்கல். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய வேலிகள், ஓரத்தில் நாகதாளி, சிவந்த மண். ஆறு கிடையாது. "உதென்ன, எங்கட காணி மாதிரிக் கிடக்கு," என்று குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். யாழ்ப்பாணமும் சுண்ணக்கல்தான், அங்கேயும் ஆறில்லை. ஒரு வித்தியாசம்: மோல்டாவின் கல் மென்மையானது, வாளால் அறுக்கலாம். தலைநகரம் வலெட்டா முழுக்க அப்படி அறுத்த தேன்நிறக் கல்லில்தான் நிற்கிறது.

அன்று பின்னேரம் டுவெய்ரா என்ற கடற்கரைக்குப் போனோம். அங்கே கடலுக்குள் ஒரு பெரிய கல் வளைவு இருந்தது. 2017 மார்ச் 8ஆம் திகதி புயலில் விழுந்துவிட்டது. ஆனாலும் பஸ் போகிறது, சனம் இறங்குகிறது, அது இல்லாத இடத்தைப் படம் எடுக்கிறது. நாங்களும் எடுத்தோம்.

வலெட்டாவைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். 1565இல் ஒட்டோமான்கள் முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் போன பிறகு அடுத்த வருடமே அத்திவாரம் போட்ட நகரம். யோவான் பேராலயத்தில் கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த யோவானின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. அதில் வழிகிற இரத்தத்திலேயே தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம் அதுதான். பார்க்க வேண்டியதுதான். எங்களுக்கு நினைவில் நிற்பது வேறு இரண்டு விசயம்.

ஒன்று, நகர வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் பழைய ஒப்பரா மண்டபம். 1942 ஏப்ரலில் குண்டு விழுந்து இடிந்தது. எழுபது வருடம் இடிபாடாகவே கிடந்தது. 2013இல் உடைந்த தூண்களை அப்படியே நிற்க விட்டு, நடுவே கூரையில்லாத அரங்கு ஒன்றை அமைத்தார்கள். உள்ளூரில் பலருக்கு அது பிடிக்கவில்லையாம். "முழுசாத் திருத்திக் கட்டியிருக்கலாமே," என்றார் அப்பா. அக்கா, "எங்கட நூலகத்தைக் கட்டி வெள்ளை அடிச்ச மாதிரியோ?" என்று கேட்டாள். 1981இல் எரிந்த கட்டிடம் அது என்று இப்போது அதைப் பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது. அப்பா பதில் சொல்லவில்லை. நாங்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இரண்டாவது, பீரங்கி. மேல் பராக்கா பூங்காவுக்குக் கீழே தினமும் மதியம் பன்னிரண்டுக்கு ஒரு பீரங்கியைச் சுடுவார்கள், உல்லாசப் பயணிகளுக்காக. எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வெடித்தது. கைதட்டல். திரும்பிப் பார்த்தால் அம்மா நிலத்தில் குந்தியிருந்தார், தம்பியின் சேர்ட்டை இழுத்துப் பிடித்தபடி. தம்பிக்கு இருபது வயது. நாங்கள் சிரித்துவிட்டோம். அம்மாவும் சிரித்தமாதிரி எழும்பி, பாவாடையைத் தட்டிக்கொண்டு, "தலை சுத்தினது," என்றார்.

அது ஆகஸ்ட் மாதம் என்பதை அப்போதுதான் யோசித்தோம். ஆகஸ்ட் 15 மாதாவின் பெருநாள். மோல்டாவில் பெருநாள் என்றால் பகலிலும் வெடி. வெளிச்சம் இல்லை, நிறம் இல்லை, வெறும் சத்தம், வீட்டுக் கண்ணாடி அதிர. பெருநாளுக்கு இரண்டு நாளுக்கு முந்தி நாங்கள் போன ஊர் மொஸ்டா. அங்கேயுள்ள கோயிலுக்கும் அதே பெருநாள்தான்.

மொஸ்டாக் கோயிலின் குவிமாடம் ஐரோப்பாவின் பெரிய குவிமாடங்களில் ஒன்று. 1942 ஏப்ரல் 9 பின்னேரம், ஏறத்தாழ முந்நூறு பேர் பூசைக்காகக் காத்திருந்தபோது ஜேர்மன் விமானம் போட்ட ஒரு குண்டு அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. வெடிக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. அந்தக் குண்டைச் செயலிழக்கச் செய்து கடலில் போட்டுவிட்டார்கள். அதே மாதிரி ஒன்றை இப்போது கோயிலில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மக்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்.

அம்மா அந்தக் குண்டைக் கனநேரம் பார்த்தார். தொடவில்லை. பிறகு, பக்கத்தில் நின்ற எங்களுக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், "நவாலியில வெடிச்சது," என்றார்.

1995 ஜூலை 9. நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வருடா வருடம் பத்திரிகையில் வரும். அம்மா அன்றைக்கு அந்த வழியால் போனவர் என்பது தெரியாது. "எங்களோட வந்த அயல்வீட்டாக்கள், கோயில்தானே எண்டு அங்க நிண்டிட்டினம். அம்மப்பா, இஞ்ச சனம் கூட, தண்ணி காணாது, நடப்பம் எண்டவர். அவ்வளவுதான்." அம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. அயல்வீட்டில் அவரோடு படித்த பிள்ளையும் இருந்தது. அந்தப் பெயரை முதன்முதலாக அன்றுதான் கேட்டோம். இங்கே எழுதவில்லை.

கோயிலுக்குப் பக்கத்திலேயே நிலத்துக்குக் கீழே யுத்தகாலப் பதுங்குகுழி இருக்கிறது. மோல்டீஸில் "ஷெல்டர்" என்றே சொல்கிறார்கள். "நான் வரேல்ல, நீங்கள் பாத்திட்டு வாங்கோ," என்றார் அம்மா. நாங்கள் இரண்டு படி இறங்க, மேலே மூன்று வெடி. நாலாவது படியில் அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றார்.

உள்ளே குளிர். பிக்கானால் கொத்திய தடம் சுவர் முழுக்க. ஒடுங்கிய பாதை, பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள். அனுமதி எடுத்துக் குடும்பங்கள் தாங்களே தோண்டிக்கொண்டவையாம். பிர்கு என்ற ஊரின் பதுங்குகுழியில் பிள்ளைப்பேற்றுக்கே ஒரு அறை இருக்கிறது. 1940 ஜூன் 11 முதல் குண்டு விழத் தொடங்கி, யுத்தம் முடிகிறபோது பொதுமக்கள் ஏறத்தாழ 1,500 பேர் இறந்திருந்தார்கள். இந்தக் கல் இவ்வளவு மென்மையாக இல்லாவிட்டால் அந்தக் கணக்கு எங்கேயோ போயிருக்கும்.

அம்மா சுவரைத் தடவிக்கொண்டே போனார். முதற்தடவையாக எங்களுக்கு வழிகாட்டியானார். "வாசல் நேர இருக்கக்கூடாது, பாத்தியளோ, வளைச்சிருக்கினம். சன்னம் நேர வராது. நாங்களும் 'ட'னா மாதிரித்தான் வெட்டினது. ஆனா எங்கட வளவில மூண்டடிக்குக் கீழ கல்லு. அலவாங்கு தெறிக்கும். குந்தித்தான் இருக்கலாம், நிக்கேலாது. மேல பனங்குத்தி, அதுக்கு மேல மண்மூட்டை. மழை பெய்தா உள்ளுக்கை தண்ணி."

மேலே மறுபடி வெடித்தது. "இது வெளிக்கிடுற சத்தம்," என்றார். "விழுற சத்தம் வேற."

வெளியே வந்து, மரநிழலில் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். அக்கா அந்தப் பெருநாளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று சொன்னாள். 1942 ஆகஸ்டில் தீவு பட்டினியின் விளிம்பில் நின்றபோது பதினாலு சரக்குக் கப்பல்கள் வெளிக்கிட்டன. ஒன்பது மூழ்கின. வந்து சேர்ந்த ஐந்தில் கடைசியானது ஒகையோ என்ற எண்ணெய்க் கப்பல். உடைந்து, இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் தாங்கிப் பிடிக்க, மாதாவின் பெருநாளன்று துறைமுகத்துக்குள் வந்தது. சுவரெல்லாம் ஏறி நின்று சனம் அழுததாம்.

"எண்ணெய் எண்டா மண்ணெண்ணெயோ?" என்று அம்மா கேட்டார். அதுவும்தான் என்றாள் அக்கா. அம்மா தலையாட்டினார். ஜாம்போத்தல் விளக்கில் ஏஎல் படித்தவர்.

அன்றிரவு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அம்மா ஷெல்டர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு 'ட' வரைந்தார். எந்த மூலையில் யார் இருந்தது என்று புள்ளி வைத்தார். ஒன்பது புள்ளி. ஒன்று ஆடு. வாசலுக்குக் கிட்ட இருந்தது எப்போதும் அம்மப்பா. எங்கே அந்த இடம் என்று தம்பி கேட்டான். நாங்கள் இப்போதும் இருப்பது அதே வீடு. அம்மாவுக்குச் சீதனமாக வந்தது.

"கிணத்தடிக்கு அங்கால. மாமரம் நிக்குதெல்லே, அதுதான். திரும்பி வந்து பாக்க, குத்தியெல்லாத்தையும் ஆரோ கொண்டு போட்டாங்கள். எங்கட கல்லுக் காணியில கன்று வைக்க கிடங்கு வெட்டுறதெண்டாச் சும்மாவே. ஏற்கனவே வெட்டிக் கிடக்கு, ஏன் தூர்ப்பான் எண்டு அம்மப்பா கறுத்தக்கொழும்பான் கன்றை வைச்சவர்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த மரத்தில்தான் எங்கட ஊஞ்சல் கட்டியிருந்தது.