நான்கு மில்லியாம்பியர்

மாணவர் விடுதி ஒன்றின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தை அளக்கும் உணரி பொருத்தப்பட்டிருந்தது. தொட்டி காலியாயின் 4 மில்லியாம்பியர், நிறைந்தால் 20. மின்னழுத்தமாக அனுப்பினால் நெடுங்கம்பியின் மின்தடை அதில் ஒரு பகுதியை உண்டுவிடும். தொடர்ச்சுற்றிலோ மின்னோட்டம் எவ்விடத்தும் ஒன்றே. அதை நுண்கட்டுப்படுத்தி படிக்கத்தக்க 3.3 வோல்ட்டுக்குள் மாற்றித்தரும் பணி ஓர் ஆய்வு மாணவியிடம் வந்தது.

அடிப்படை ஓம் விதிதான். மின்னோட்டத்தின் பாதையில் 250 ஓம் மின்தடையம் ஒன்றை வைத்தால், அதன் முனைகளுக்கிடையே 1 முதல் 5 வோல்ட் வரை கிடைக்கும். கீழேயுள்ள அந்த 1 வோல்ட் அவருக்கு வீணாகப் பட்டது. ஆப்-ஆம்ப் ஒன்றால் அதைக் கழித்து, எஞ்சியதைச் சுருக்கி, 0 முதல் 3.3 வோல்ட் வரையிலான வீச்சு முழுவதையும் பயன்படுத்தினார். காலித் தொட்டிக்குச் சுழியம். பார்க்க ஒழுங்காகவே இருந்தது.

ஓரிரவு எலி கம்பியைக் கடித்துத் துண்டித்தது. ஒற்றை மின்வழங்கியில் இயங்கும் ஆப்-ஆம்ப் சுழியத்துக்குக் கீழே இறங்க இயலாது. ஆகவே 4 மில்லியாம்பியருக்குக் கூறிய விடையையே மின்னோட்டம் அற்றபோதும் கூறியது. தொட்டி காலி என்று கொண்டு மோட்டார் விடியும்வரை ஓடியது. மாடியில் நீர் வழிந்தோடியது, கீழ்த்தொட்டி வறண்டது, காலையில் விடுதியே வாளியோடு நின்றது.

தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ‘கண்ணன் வந்தான்’ என்னும் தொடரில், கண்ணன் என்பதன்பின் உருபு வாராமையே பொருள் தருகிறது. ‘வந்தான்’ என்னும் வினைமுற்று நின்று உறுதிசெய்வதால் அந்த இன்மையை மொழி தாங்கிக்கொள்கிறது. கம்பிக்கு வினைமுற்று இல்லை. அங்கே இன்மை இருபொருள்படும்: நீர் இல்லை, அல்லது, சொல்ல ஆளில்லை. சுழியத்துக்கும் 4 மில்லியாம்பியர் இருந்தால் அந்த ஐயம் எழாது. இருகம்பி உணரி தான் இயங்குவதற்கான ஆற்றலைப் பெறுவதும் அதிலிருந்தே.

இரண்டாம் வடிவத்தில் அவர் ஆப்-ஆம்ப் கழிப்பானை நீக்கினார். 0.1 சதவீதப் பிழைவரம்புள்ள 150 ஓம் மின்தடையம், காலிக்கு 0.6 வோல்ட், நிறைவுக்கு 3.0. நாமூர் என்.இ. 43 பரிந்துரையின்படி 3.6 மில்லியாம்பியரும் அதற்குக் கீழும் பழுதின் அறிகுறி. 21-உம் அதற்கு மேலும் அவ்வாறே. இச்சுற்றில் அவை 0.54, 3.15 வோல்ட், இரண்டும் படிக்கத்தக்க எல்லைக்குள் அடங்கின. பழுதெனில் மோட்டார் நிற்கும். கழித்தல் மென்பொருளில், இச்சோதனைக்குப் பின்னரே நிகழும்.

முதற்சுற்றில் வீணென்று கழிக்கப்பட்ட அந்த ஒரு வோல்ட்தான், கம்பி அறுபடவில்லை என்பதை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.