அலையில்லாக் கடல்

எங்கள் விராலிமலையில் மயிலுக்குப் பஞ்சமில்லை, கடல்தான் இல்லை. நான் முதன்முதலில் கண்ட கடல் சென்னை மெரினா. ஆளுயர அலைகள் நுரை கக்கி விழுந்த அக்காட்சி என் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஆகவே, விடுதியில் இருக்கும் கோட்டைப்பட்டினத்துத் தோழி, தன் ஊர்க் கடலில் பெரிய அலையே இராது என்றபோது, "அது கடலா, கண்மாயா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவுமில்லை.

அப்படிப்பட்டவளே காலாண்டு விடுமுறைக்குத் தன் ஊருக்கு என்னை அழைத்தாள். புதுக்கோட்டை, அறந்தாங்கி கடந்து நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். கண்ணெதிரே கிடந்தது சேறு! தண்ணீர் எங்கோ ஒரு கோடாகத் தெரிந்தது. படகுகள் ஒருக்களித்துக் கிடந்தன.

"இப்ப வத்தம்மா. சாயங்காலம் ஏறிடும்" என்றார் தோழியின் தந்தையார்.

மதிப்பெண்ணுக்காக நான் மனப்பாடம் செய்த 'ஓதம்' இதுதானா! சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. இங்கே அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் தரை தட்டையாக இருப்பதால், கொஞ்சம் இறங்கினாலும் தண்ணீர் வெகுதூரம் விலகிவிடுகிறது.

அலையோ காற்றின் பிள்ளை. காற்று திறந்த கடலில் எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ, அவ்வளவுக்கு அலை வளரும். மெரினாவுக்கு எதிரே வங்கக்கடல் முழுவதும் விரிந்து கிடக்கிறது. எங்கள் பாக் விரிகுடாவையோ இலங்கையும் இராமேசுவரம் தீவும் மறைத்து நிற்கின்றன, ஆழமும் குறைவு. அலை பலமாக அடித்தால் நுண்ணிய சேறு தங்காது, மணலே மிஞ்சும். அடிக்காத இடத்தில் சேறு படிந்துவிடும். நான் பெருமை பேசிய மெரினா மணலில் பெரும்பகுதி, 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் சேர்ந்தது. அலைகள் வடக்கே தள்ளிச் சென்ற மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது; மணல் கிடைக்காத இராயபுரம் பக்கத்தைக் கடல் அரித்துவிட்டது.

இராமேசுவரத்து மீனவர்கள் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், அமைதியான பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்களாம். பெண் என்றால் சாது என்று யார் சொன்னது? 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் இவ்விரு கடலுக்கும் இடையிலிருந்த தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது எங்கள் மாவட்டமே நிலைகுலைந்தது. தோழியின் வீட்டுப் படகு அன்றுதான் உடைந்ததாம். கடன் வாங்கிச் செய்த படகு. இரண்டு வருடம் அவள் தந்தையார் பிறர் படகில் கூலிக்குப் போனாராம். இதை அவள் விடுதியில் ஒருநாளும் சொன்னதில்லை.

"கண்மாய் என்றேனே, கோபமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அப்போது இருந்தது" என்றாள்.

மாலையில் சத்தமில்லாமல் தண்ணீர் வந்தது. சாய்ந்து கிடந்த படகு மெதுவாக நிமிர்ந்தது. "ரெண்டு பேரும் ஏறுங்கம்மா" என்றார் அவர். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினேன்.