கதிரைவேலரும் கலியாணசுந்தரனாரும்

சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியை விட்டு வடக்கு நோக்கி நடப்பவர் வண்ணாரப்பேட்டையைக் கடந்து, தண்டையார்பேட்டை வழியே திருவொற்றியூரை அடைவர். இன்று அவ்வழியின் இருமருங்கும் கடைகளும் பண்டகசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. துறைமுகத்துச் சரக்கு வண்டிகளின் ஓசை இரவிலும் ஓய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஏழுகிணற்றில் தம் தமையனார் இல்லத்தில் வாழ்ந்த ஓர் இளைஞர், ஒற்றியூர்த் தியாகேசர் திருமுன் நின்று உள்ளம் உருகிப் பாடுவதையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார். அவரே பின்னாளில் வடலூரில் சோற்றுக்கு வருந்துவோர்க்குச் சோறிட்ட இராமலிங்க அடிகள்.

அடிகளின் பாடல்கள் 1867-ஆம் ஆண்டில் 'திருவருட்பா' என்னும் பெயருடன் அச்சேறின. அப்பெயர் ஒரு பெரும் பூசலுக்கு வித்தாயிற்று. அருட்பா என்று வழங்கும் உரிமை தேவார திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உண்டு என்பது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் கொள்கை. அடிகள் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்தனர், பூசல் மறையவில்லை. கண்டன நூல்கள் எழுந்தன. அவற்றை மறுக்கும் நூல்களும் எழுந்தன. பெரியோர் இருவர் விட்டுச் சென்ற வழக்கினைச் சிறியோர் பலர் வளர்த்தனர் என்றே சொல்லவேண்டும்.

அவ்வழக்கின் பிற்பகுதியில் நாவலர் பக்கம் நின்று முழங்கியவருள் முதல்வர் நா. கதிரைவேற்பிள்ளை. இவரைச் சிறியோர் வரிசையில் சேர்த்தல் முறையன்று. யாழ்ப்பாணத்தில் புலோலி என்னும் ஊரிற் பிறந்து, சென்னைக்கு வந்து, தமிழாலேயே வாழ்ந்தவர் இவர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் அறிஞர் குழுவொன்றை அமைத்துப் பேரகராதியை வெளியிடுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இவர் ஓர் அகராதியைத் தொகுத்து அளித்தார். சதாவதானத்திலும் வல்லவர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், மற்றொருவர் கணக்குச் சொல்வார், வேறொருவர் மணியடிப்பார். அத்தனையையும் ஒரே வேளையில் நினைவில் நிறுத்தி விடை கூறும் அரிய கலை அது. மேடை ஏறினால் இவர் நாவுக்கு எதிர் நிற்பவர் சிலரே. எதிர் நின்றவரை இவர் எளிதில் விட்டதும் இல்லை.

இத்தகைய புலவர் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அங்கே பயின்ற மாணவருள் ஒருவர் கலியாணசுந்தரம். 1883-ஆம் ஆண்டில் துள்ளம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். இளமையில் நோயால் கல்வி தடைபட்டு, மீண்டும் பள்ளிக்கு வந்தவர்; ஆதலின் கற்கும் வேட்கை அவரிடம் மிகுந்திருந்தது. ஆசிரியரின் தமிழ் அவரை ஈர்த்தது. வகுப்பறைப் பாடத்தோடு நில்லாமல் அவரை அணுகி நூல் பல கற்றார். செய்யுள் இயற்றவும் பழகினார். ஆசிரியர் முதியவர் அல்லர்; முப்பதை ஒட்டிய வயதினர். ஆகவே அச்சத்தால் வரும் வணக்கத்தினும், நட்பால் வரும் நெருக்கமே அவ்விருவரிடை ஓங்கி நின்றது.

அந்நெருக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. அருட்பாப் பூசல் முற்றி, 1904-ஆம் ஆண்டில் கதிரைவேற்பிள்ளையின்மீது சென்னையில் வழக்குத் தொடுக்கப்பட்டது. மேடையில் பேசப்பட்ட சொற்கள் நீதிமன்றத்தில் எடைபோடப்பட்டன. ஆசிரியருக்காகச் சாட்சி கூறக் கலியாணசுந்தரம் முன்வந்தார். அவருக்கு அது பள்ளி இறுதித் தேர்வுக் காலம். தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருக்க வேண்டிய நாளில் அவர் சாட்சிக் கூண்டை நோக்கிச் சென்றார். தேர்வு போயிற்று, அதனோடு பள்ளிப் படிப்பும் முடிந்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று, ஆசிரியர் விடுபட்டார்.

அக்காலத்தில் அத்தேர்வில் தேறியவர்க்கு அரசாங்க அலுவலும் கல்லூரிப் படிப்பும் எளிதிற் கிட்டும். அதனை இழந்த மாணவர், எளிய குடும்பத்து இளைஞர், பின்னர் ஓர் ஆங்கிலக் கடையில் கணக்கெழுதிப் பிழைக்க நேர்ந்தது. தாம் இழந்ததை அவர் ஆசிரியரின் கணக்கில் எழுதினாரில்லை.

வழக்கு முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. 1907-ஆம் ஆண்டில் கதிரைவேற்பிள்ளை நீலகிரிக்குச் சென்றார். சென்றவர் திரும்பவில்லை, அம்மலையிலேயே உயிர் நீத்தார். நாற்பதை எட்டாத வயது. நோயுற்று நெடுநாள் கிடந்தவர் மறைந்தால், சுற்றியிருப்போரின் மனம் அதனை ஓரளவு எதிர்நோக்கியிருக்கும். பயணம் போனவர் திரும்புவார் என்றல்லவா எவரும் இருப்பர்! ஐயம் ஒன்று தோன்றினால், ஆசிரியர் வந்ததும் கேட்கலாம் என்று ஒதுக்கி வைப்பர். அவ்வாறு ஒதுக்கி வைத்த ஐயங்களெல்லாம் ஒரு நாளில் விடையற்றுப் போயின. கலியாணசுந்தரனாருக்கு அப்போது வயது இருபத்துமூன்று.

அவர் செய்தது இரண்டு. கற்பதை நிறுத்தாமல் மயிலை தணிகாசல முதலியாரை அடைந்து, தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் பயின்றார். மற்றொன்று, எழுதுகோலை எடுத்தது. 1908-ஆம் ஆண்டில் 'கதிரைவேற்பிள்ளை சரித்திரம்' வெளிவந்தது. பிற்காலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதித் தமிழ் உரைநடைக்கே புதிய ஓட்டம் தந்த திரு. வி. க.வின் முதல் நூல் இது. புகழ் வேண்டி எழுதத் தொடங்குவோர் உண்டு. பொருள் வேண்டித் தொடங்குவோரும் உண்டு. அவர் ஆசிரியரை இழந்ததனால் எழுதத் தொடங்கினார்.

1909-இல் அவர் ஆயிரம் விளக்கில் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். பின்னர், ஆசிரியர் தமை இருத்திக் கற்பித்த வெஸ்லி நிலையத்திலேயே தலைமைத் தமிழாசிரியராக அமர்ந்தார். இறுதித் தேர்வு எழுதாத மாணவருக்கு அங்கே அவ்விருக்கை கிடைத்தது! அதனையும் 1917-இல் துறந்து 'தேசபக்தன்' இதழுக்கு ஆசிரியரானார்.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவருள் ஒருவர். பெரம்பூர்ப் பஞ்சாலைகளில் விடியலுக்கு முன் புகுந்து, பஞ்சுத் தூசி படிந்த உடலோடு வெளிவரும் தொழிலாளர்முன் அவர் பேசினார். மேடைத் தமிழின் ஆற்றலை அவர் இளமையில் கண்டது கதிரைவேலரிடம். ஆசிரியரின் தமிழ் அவைப்புலவரை வென்றது; மாணவரின் தமிழ் ஆலைத் தொழிலாளியின் பசியைப் பேசியது. அவ்வாலைகள் இன்று மூடப்பட்டுவிட்டன. சங்கு ஊதக் கேட்டு எழுந்த தெருக்களில் இப்போது அவ்வோசை இல்லை.

இவ்வரலாற்றில் நின்று நோக்கத் தக்க இடம் இனித்தான் வருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் திரு. வி. க.வின் நெஞ்சம் சமரச சன்மார்க்கத்தை நாடியது. சாதி சமய வேறுபாடு கடந்து எல்லா உயிரையும் ஒன்றெனக் காணும் அந்நெறியை இந்நாட்டில் ஓங்கி உரைத்தவர் யார்? எவர் பாடலுக்கு அருட்பா என்னும் பெயர் பொருந்தாதென ஆசிரியர் வாதிட்டாரோ, அவ்விராமலிங்க அடிகளே. தம் ஆசிரியர் மறுத்தவரைத் தாம் போற்றுவதா என்று மாணவர் தயங்கியிருக்கலாம். அல்லது, ஆசிரியர் தவறினார் என்று கூறி அவரை உதறியிருக்கலாம். இரண்டும் எளிய வழிகள். அவர் இரண்டையும் கொண்டாரில்லை. 'இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்' என்னும் நூலை எழுதினார்; அடிகளின் பெருமையைப் பலரும் அறியச் செய்தார். 1944-இல் தம் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டபோதும், தமக்குத் தமிழ்ச் சுவை ஊட்டிய ஆசிரியரை மறந்தாரில்லை.

நீலகிரியினின்று ஆசிரியர் திரும்பியிருந்தால் இருவரும் இது குறித்து வாதிட்டிருப்பர். கதிரைவேலர் தம் வாதத்தில் சிறிதும் தளர்ந்திருக்க மாட்டார். மாணவரும் அவர்முன் பழைய பணிவோடு நின்று, தம் கருத்தை விடாது கூறியிருப்பார். அவ்வுரையாடலைக் கேட்கும் பேறு தமிழ்நாட்டுக்கு வாய்க்கவில்லை.

திரு. வி. க. 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார். அவர் எழுதிய நூல்களின் வரிசையில் கதிரைவேலரின் சரித்திரம் முதலில் நிற்கிறது. அதே வரிசையில், சில நூல்கள் தள்ளி, ஒற்றியூர்த் தியாகேசரைப் பாடிய அடிகளின் திருவுள்ளமும் இருக்கிறது.