மூன்று மணித்தியாலப் படகோட்டி

என் பேர்ஸில் ஒரு காட் இருக்கிறது. கனடாவில் மோட்டர் பூட்டிய உல்லாசப் படகை நான் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. காரோட்டும் சோதனையில் இரண்டு தரம் ஃபெயில் விட்டவன் நான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். :-)

தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்தச் சட்டம் 1999இல் தொடங்கிப் படிப்படியாக வந்தது. 2009 செப்ரெம்பரில் இருந்து எந்த வயதுக்காரர் என்றாலும் மோட்டர் படகு ஓட்ட ஏதாவது ஒரு தகுதி அத்தாட்சி கையில் இருக்கவேண்டும். துடுப்புப் போடும் கனூவுக்கும் கயாக்குக்கும் தேவையில்லை. கணினியில் குறைந்தது மூன்று மணித்தியாலம் படிக்கவேண்டும். வேகமாக வாசித்து முடித்தாலும் மணிக்கூடு விடாது, அடுத்த பக்கம் திறக்காது. பிறகு ஐம்பது கேள்வி, 75 வீதம் எடுத்தால் பாஸ். படகில் ஒருதரம்கூட ஏறத் தேவையில்லை! நான் வீட்டுச் சோஃபாவில் படுத்திருந்தபடி பாஸ் பண்ணினேன். கணக்கியல் பாடத்து முதல் சோதனைக்கு இதைவிடக் கூடப் படித்திருக்கிறேன்.

படித்தது மோசம் என்று சொல்லவில்லை. சிவப்பு மிதவை எந்தப் பக்கம் வரவேண்டும், கரையிலிருந்து 30 மீற்றருக்குள் 10 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மனதில் நின்றது '1-10-1' என்ற கணக்கு. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தானே பனித்தண்ணீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர். ஆனால் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலம் லைஃப் ஜக்கெற் போட்டிருப்பவனுக்குத்தான். போடாதவன் கை ஓய்ந்ததும் தாழவேண்டியதுதான், குளிரால் சாகிற அளவுக்கு அவனுக்கு நேரம் கிடைக்காது.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஓகஸ்ட் நீண்ட வார இறுதிக்கு நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து மஸ்கோக்காப் பக்கம் ஒரு கொற்றேஜ் எடுத்தோம். ஆட்டிறைச்சி, புட்டு, கடதாசிக் கூட்டம், எல்லாம் வழமைபோல. இரண்டாம் நாள் ஒரு சின்ன அலுமினியப் படகை வாடகைக்கு எடுத்தோம். நான் பந்தாவாகக் காட்டை நீட்டினேன். மாமாவின் மகனிடம் காட் இல்லை. கடைக்காரப் பெடியன் ஒரு தாளை எடுத்து ஐந்து நிமிடம் ஏதோ வாசித்துக் காட்டினான், மச்சான் கையெழுத்து வைத்தான். அவ்வளவுதான், அந்த வாடகை முடியும்வரை அதுவும் சட்டப்படி தகுதி அத்தாட்சிதான். என் மூன்று மணித்தியாலம் போச்சே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

பாலத்தடியில் ஏழு பேர் ஏறத் தயாராக நின்றோம். அம்மா மட்டும் மேலே நின்றா. "எத்தினை பேர் ஏறலாம்?" என்று கேட்டா.

"ஏழு பேர் பரவாயில்லை அம்மா, சின்னப் பிள்ளையள்தானே" என்றேன். தகட்டைப் பார்க்காமலே சொன்னேன். படகின் உள்பக்கத்தில் எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதைப் பார்க்கச் சொல்லி எனக்குப் படிப்பித்தது, சோதனையில் கேட்டது, நான் சரியாக விடை போட்டது! பிறகு குனிந்து பார்த்தால் ஐந்து. சின்னதுகள் இரண்டையும் இறக்கிவிட்டோம், ஒரே அழுகை.

அம்மா படகில் ஏறமாட்டா. 1993இல், அவவுக்குப் பத்தொன்பது வயதில், கிளாலி கடந்து வந்தவ. ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர அந்தக் கடல்நீரேரிதான் வழி. இரவில், விளக்கில்லாமல், முன்னுக்கு ஒரு மோட்டர் வள்ளம், பின்னால் கயிற்றில் கட்டின வள்ளங்கள். அந்த வருடம் அதே பாதையில் கடற்படை சுட்டுச் சனம் செத்தது. லைஃப் ஜக்கெற்றாவது ஒன்றாவது! அம்மா இதைப்பற்றி அதிகம் கதைக்கமாட்டா. வள்ளத்தில் எத்தனை பேர் என்று அன்றைக்கு எண்ணிக்கொண்டே வந்ததாக மட்டும் ஒருதரம் சொல்லியிருக்கிறா.

ஏரி நடுவில் பெரிய படகு ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் அலைக்கு முகப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை அசையவில்லை. அலை பக்கவாட்டில் அடித்தது. படம் எடுக்க எழுந்து நின்ற மச்சான் ஜீன்ஸோடு தண்ணீருக்குள். அவனுடைய ஜக்கெற்றில் அவன்தான் இவ்வளவு நேரமும் குந்தியிருந்தவன். ஆளுக்கொரு ஜக்கெற் படகில் இருக்கவேண்டும் என்பதுதான் சட்டம், வளர்ந்தவர்கள் அதைப் போட்டிருக்கவேண்டும் என்று இல்லை. ஆக நாங்கள் ஐந்து பேரும் அந்த நேரத்தில் சட்டத்துக்கு நூறு வீதம் கட்டுப்பட்டவர்கள்.

மோட்டரை நிற்பாட்ட எனக்கு எத்தனை விநாடி எடுத்தது என்று தெரியாது. நிற்பாட்டும் கயிற்றை என் கையில் மாட்டியிருக்கவில்லை. எறிகிற கயிறு ஒரு பிளாஸ்ரிக் பேணிக்குள் இருந்தது, மூடிக்கு மேல் கடைக்காரர் ரேப் சுற்றியிருந்தார்கள். சித்தி பல்லால் கடித்து இழுத்தா. 15 மீற்றர் கயிறு தேவையே படவில்லை, மச்சான் கிட்டத்தான் இருந்தான். ஓகஸ்ட் தண்ணீர், வெதுவெதுப்பு, அவனுக்கு நீச்சலும் தெரியும். ஏறியதும் முதலில் கேட்டது தன் ஐஃபோனைப் பற்றி. இதே மே மாதமாக இருந்திருந்தால் என்று நான் அன்றிரவு முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கரைக்கு வந்தபோது அம்மா பாலத்தடியில் நின்று எங்களை எண்ணினா. ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் காலை அவவே வந்து, "என்னை ஒருக்கா ஏத்து" என்றா. ஜக்கெற் போட்டா. ஒவ்வொரு கொளுவியையும் இழுத்துப் பார்த்தா, பிறகு என்னுடையதையும் இழுத்துப் பார்த்தா. கரையோடு மெல்ல ஒரு சுற்றுப் போனோம். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி இருந்தா. திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தா.

"உன்ரை அந்தக் காட் எப்ப முடியுது?"

"அது முடியாது அம்மா. வாழ்நாள் முழுக்க."

"மூண்டு மணித்தியாலம் படிச்சதுக்கோ?"