பூச்சியின் பெயரும் அன்னையின் பேரும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையாகவே இருந்திருக்கும். யான் எழுதப் புகுந்திருப்பதோ எள்ளினும் சிறிய ஒரு வண்டைப் பற்றி. விஞ்ஞானம் கற்ற அன்பர்கள் பிழை காணின் பொறுத்தருள்க. பெயர் என்பது இலக்கணத்தின் பாற்பட்ட பொருளாதலின், அதனைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பசறைப் பகுதியிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி, பறவை முதலிய வழக்கமான உதாரணங்கள் முடிந்தன. பின்வாங்கில் இருந்த மாணவி எழுந்து, “சேர், ஷொட்ஹோல் போரர் இடுகுறியா, காரணப்பெயரா?” என்று வினவினாள். அவள் தந்தையார் கவ்வாத்து வெட்டுபவர். மறுநாள் அவள் கொணர்ந்த தேயிலை வாதிலே, துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தாற் போன்ற நுண்டுளைகள் வரிசையாகக் காணப்பட்டன. சன்னத் துளையிடுவது என்னும் காரணம் பற்றி வந்த பெயர் என்று விடை கூறினேன். கூறிய வாய் மூடுமுன், என் நெஞ்சம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பாடசாலை இல்லாத நாட்களில் அம்மாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு மலைக்குப் போவது என் வேலை. ஒரு நாள், செங்குத்தான சரிவில் ஏறுவதற்காக அம்மா பற்றிய வாது அடியோடு முறிந்தது. கூடையுடன் சறுக்கி விழுந்து எழுந்தார். மேற்பார்வைக்கு நின்றவர் ஓடி வந்து, மரத்தைப் பாழாக்கினாள் என்று ஏசினார். முறிந்த இடத்திலிருந்த கரிய துளையை அம்மா காட்டினார். அவர் அதனைப் பார்க்கவில்லை. அன்று அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது.

தோட்ட வழக்கு அறியாத அன்பர்க்காக ஒரு சொல். எங்கள் மலைகளில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். முழு நாள் உழைப்பு ஏற்றுக்கொள்ளப்படின் முழுப்பேர், இல்லையெனின் அரைப்பேர். ஒருவருடைய பெயரையும் அவருடைய கூலியையும் ஒரே சொல்லால் வழங்கும் இவ்வழக்கின் பொருளாழம், தமிழாசிரியனான பின்னரே எனக்குப் புலப்பட்டது.

மாணவியின் வினா என்னை விடவில்லை. நம் கல்லூரியில் என்னுடன் ஒரே வாங்கிலிருந்து பயின்று, இப்போது தேயிலைத் துறையிலே பணிபுரியும் நண்பரிடம் சென்றேன். அவர் அந்த வாதைப் பிளந்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீற்றர் நீளமுள்ள கருநிறப் பெண்வண்டு ஒன்று சுரங்கத்தினுள்ளே இருந்தது. நம் வீட்டு அரிசியில் மூக்கை நீட்டிக்கொண்டு திரியும் கூன்வண்டின் குடும்பத்தையே இதுவும் சார்ந்தது. ஆயினும் இதற்கு அந்த நீண்ட மூக்கு இல்லை. ஆண் இன்னும் சிறியது. பறக்கும் ஆற்றல் அற்றது.

இவ்வண்டு மரத்தைத் துளைக்கின்றதேயன்றி மரத்தைத் தின்பதில்லை. தாய்வண்டு தன் வாயருகேயுள்ள சிறு பைகளில் ஒருவகைப் பங்கசை எடுத்துச் செல்கின்றது. சுரங்கச் சுவரிலே அதனை விதைக்கின்றது. முட்டையினின்று வரும் குடம்பிகள் அப்பயிரையே உண்டு வளர்கின்றன. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்னும் இருவர் 1947இல் அப்பங்கசை வருணித்து, ‘அம்புரோசியம்’ எனப் பெயரிட்டனர். அம்புரோசியா என்பது கிரேக்கத் தேவர்களின் உணவு. நம் மொழியில் அமிழ்து. மக்களுக்காகத் தாய் வாயிலே சுமந்து வரும் அமிழ்து! காலையில் தான் உண்ணாது எனக்கு ரொட்டி சுட்டுவைத்து மலையேறிய ஒருவரை யான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த அமிழ்து விளைந்த வாதோ வலுவிழந்து, பற்றிய கையோடு முறிந்துவிடும்.

வண்டுக்கு முதன்முதலிற் பெயரிட்டவர் ஐக்கோஃப் என்னும் ஜேர்மனியர். இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1868இல் அவர் அதனை வருணித்தார், ‘போர்னிக்காற்றஸ்’ என்றார். வில்வளைவு போல் வளைந்தது என்பது அதன் பொருள். ஆகவே அதுவும் காரணப்பெயரே. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். அடுத்த ஆண்டே வண்டு ஏட்டிலேறிவிட்டது. எனினும் தேயிலையில் அதன் கேடு முதலிற் பதிவானது 1892இல், நாவலப்பிட்டிப் பகுதித் தோட்டமொன்றிலேயே. தேயிலையோடு வந்த பூச்சி என்று நாம் எண்ணியிருந்தது, தேயிலை மலைகளை மூடுவதற்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்திருந்தது.

புதிய இனம் ஒன்றை வருணிப்பது எளிய செயலன்று. நீளம், அகலம், சிறகுறையின் சரிவு, அதன்மீதுள்ள குழிகள், மயிர் வரிசை ஆகிய அனைத்தையும் அளந்தெழுத வேண்டும். அதனை ஒத்த பிற இனங்களினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்று காட்ட வேண்டும். அனைத்தினும் மேலாக, ‘இதுவே யான் பெயரிட்ட உயிர்’ என்று சாட்சி கூறுவதற்கு ஒரு முதன்மாதிரியைக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுமாயின், ஏட்டை நம்பாது அம்மாதிரியையே சென்று பார்ப்பர்.

அந்த ஐயம் நம் வண்டின் விடயத்தில் எழுந்தது. கலிபோர்னியாவில் வெண்ணெய்ப்பழ மரங்களையும் வீதியோர மரங்களையும் அழித்த வண்டும், இலங்கைத் தேயிலை வண்டும் தோற்றத்தில் ஒன்றே, மரபணுவிலோ வேறு. 2018இல் ஆய்வாளர் இக்கூட்டத்தை நான்கு இனங்களாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்று ‘குரோஷியோ’ என்னும் புத்தம்புதிய பெயரைப் பெற்றது. பின்னர், அழிந்துபோயிற்று என்று கருதப்பட்ட ஐக்கோஃபின் பழைய மாதிரி கண்டெடுக்கப்பட்டது. அதனை மீண்டும் அளந்து பார்த்தபோது, பழைய பெயர் உரியது தேயிலை வண்டுக்கன்று, பல மரங்களை அழிக்கும் மற்றையதற்கே என்று 2019இல் முடிவாயிற்று. தேயிலை வண்டுக்கு, ஷெடல் என்பவர் 1951இல் இட்ட ‘பெர்பிரேவிஸ்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று; மிகக் குறுகியது என்பது பொருள். நூற்றைம்பது ஆண்டுப் பிழையைத் திருத்த, கடுகளவு உடலை மீண்டும் எடுத்து அளந்தனர்.

பெயரில் என்ன இருக்கின்றது என்பார்க்கு இன்னொரு கூன்வண்டின் கதையைக் கூறுவேன். 1939இல் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா நம் குளங்களையும் வயல்களையும் மூடியது. உலகெங்கும் அதனை வேறொரு செடியின் பெயரால் அழைத்துவந்தனர். அது தனியினம் என்று மிச்சல் என்பவர் 1972இல் நிறுவினார். ஆபிரிக்காவில் அதனை அழிக்க முன்னர் விடப்பட்ட கூன்வண்டு போதிய பயன் தரவில்லை. பின்னர் பிரேசிலிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்ற வண்டு களையை அழித்தது; அதுவும் முன்னைய இனமே என்றுதான் முதலில் எண்ணினர். கல்டர், சான்ட்ஸ் என்போர் 1985இல் அதனைப் புதிய இனமாக வருணித்தனர். 1986இல் அவ்வண்டு இலங்கைக்கு வந்தது. நீர்நிலைகள் பல தெளிந்தன. செடியின் பெயரும் பிழை, வண்டின் பெயரும் பிழை என்றிருந்த வரையில், தேட வேண்டிய மருந்து எங்கே உள்ளது என்பது தெரியவில்லை.

இனி என் வீட்டுக் கதை. வண்டின் வரலாற்றில் ஒரு பெயருக்குள் நான்கு இனங்கள் மறைந்திருந்தன. என் அன்னையார் வரலாற்றிலோ ஓர் உயிருக்கு மூன்று பெயர்கள். பிறப்புப் பதிவிலே ஒன்று. தோட்டத்துச் செக்ரோலிலே மற்றொன்று. அடையாள அட்டையிலே பிறிதொன்று. தமிழ் அறியாதார் காதாற் கேட்டு எழுதியதால் ழகரம் வேறெழுத்தாயிற்று. ஓரிடத்தில் தாத்தாவின் பெயரே அம்மாவின் பெயராயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள் நாங்கள்; 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் எங்களுட் பலர்க்கு ஏட்டில் இடமே இருக்கவில்லை. இடம் கிடைத்தபோது பெயர் பிழையாயிருந்தது. அம்மா ஓய்வு பெற்றபின், சேமலாப நிதிக்காக அலுவலகப் படியேறினோம். மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்கவும், கையெழுத்து வாங்கவும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. முன்னே நிற்கும் உயிரை எவரும் பார்க்கவில்லை, ஏட்டையே பார்த்தனர். முறிந்த வாதின் துளையைப் பாராத அதே கண்கள்!

நண்பரைக் கண்டு திரும்பிய அன்று மாலை, லயத்து வாசலில் அமர்ந்து அம்மாவிடம் இவையனைத்தையும் கூறினேன். வாதை முறித்தது அவரல்லர், வண்டே என்றேன். “நான் அன்னைக்கே சொன்னேனே, தம்பி” என்றார். பழைய மாதிரியைத் தேடியெடுத்துப் பெயரைத் திருத்திய செய்தியைக் கேட்டதும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்தப் பூச்சிக்காவது திரும்ப எடுத்துப் பாத்து எழுதினாங்களே” என்று சொல்லி உள்ளே சென்றார். அச்சொல்லில் கோபமில்லை. இருந்திருப்பின் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் யான் பெற்ற பயிற்சிச் சான்றிதழ், பாடங்கற்பிக்கும் முறைகள் பலவற்றை எனக்குத் தந்தது. அவற்றுள் இல்லாத ஒன்றை அன்றுமுதல் கைக்கொண்டேன். முதலாம் வகுப்பிற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், அனுமதி ஏட்டின் முன்னே யானே அமர்கின்றேன். பிறப்புச் சான்றிதழை எழுத்தெழுத்தாகப் பார்க்கின்றேன். பெயரைத் தாயின் வாயாற் கேட்கின்றேன். பிழையிருப்பின், காலம் கடவாமுன் திருத்தும் வழியைக் கூறி, விண்ணப்பத்தையும் எழுதிக் கொடுக்கின்றேன். மூன்று குடும்பங்களுக்கு இவ்வாறு திருத்தம் கிடைத்துள்ளது. சிறு பணிதான், ஆயின் சத்தியக் கடதாசிக்காக அலையும் முதுமை மூவர்க்கேனும் இல்லாதொழியும்.

நம் கல்லூரியின் ஏட்டிலே என் பெயர் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. தோட்டத்திலிருந்து வந்த சிறுவனிடம், “உன் பெயருக்கு எந்த லகரம்?” என்று கேட்டெழுதிய ஆசிரியர் ஒருவர் அன்று இங்கிருந்தார். அவருக்கு யான் பட்ட கடனே இக்கட்டுரை. இன்று இவ்வாங்குகளில் இருக்கும் தம்பியர், நாளை எவ்வலுவலகத்தில் எவ்வேட்டின் முன் அமர்ந்தாலும், எழுதுமுன் எதிரில் நிற்பவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராக. கல்லூரி வாழ்க, அதன் புகழ் வளர்க.