குளிர் கேட்கும் பீச்சும் தாம்பரத்து ஒட்டு மாவும்

பீச் மரம் குளிரைத் தாங்கும் மரம் மட்டுமல்ல. குளிர் கிடைக்காவிட்டால் காய்க்காத மரம். இலை உதிர்ந்ததும் அதன் மொட்டுகள் உறக்கத்துக்குப் போகின்றன. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் உள்ள குளிர் இத்தனை மணி நேரம் என்று கிடைத்தால்தான் அந்த உறக்கம் கலையும். அந்தக் கணக்கு ரகத்துக்கு ரகம் மாறும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1964இல் வெளியான ‘ரிலையன்ஸ்’ ரகம் கடும் பனியைத் தாங்குவதற்குப் பெயர் பெற்றது. அதற்கு ஆயிரம் மணி நேரம் அளவுக்குக் குளிர் வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபுளோர்டாபிரின்ஸ்’ மிகக் குறைவாகக் கேட்கும் ரகங்களில் ஒன்று. அதற்கும் சுமார் 150 மணி நேரம் தேவை.

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி, அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு. தாம்பரம், செம்பாக்கம், சேலையூர் வீடுகளில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. இங்கே பீச்சுக்குக் கிடைக்கும் குளிர் மணி பூஜ்யம். பனி தாங்கும் ரகம் என்று சொல்லி விற்கப்படும் கன்று இந்த ஊருக்கு எந்த வகையிலும் பொருந்தாது. நட்டால் இலை விடும். மொட்டுகள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அவிழும். பழத்தை எதிர்பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் பீச்சுக்கு உரிய இடம் கொடைக்கானலும் நீலகிரியும். கொடைக்கானலில் ‘பிச்சீஸ்’ என்றால்தான் சட்டென்று புரியும். கோடையில் பிளம்ஸோடு சேர்ந்து சாலையோரக் கூடைகளுக்கு வந்துவிடும். சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளில்தான் பீச் காய்க்கும். ஆகவே ஆண்டுதோறும் கவாத்துச் செய்யாத மரம் உள்ளே வெறுமையாகி நுனியில் மட்டும் காய்க்கும். நல்ல ரகத்தை விதையில் பெருக்க முடியாது. நாட்டு பீச் கன்றை வேர்ச்செடியாக வளர்த்து, அதில் வேண்டிய ரகத்தின் மொட்டையோ குச்சியையோ ஒட்ட வேண்டும்.

சமவெளியில் இதே கைவேலை மாவுக்கு நடக்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சாலையோர நர்சரிகளில் விற்கும் ஒவ்வொரு ஒட்டு மாங்கன்றுக்குப் பின்னாலும் ஒட்டுக் கட்டும் ஒருவருடைய கை இருக்கிறது. வாங்குபவர் அவரைப் பார்ப்பதே இல்லை. மாங்கொட்டை சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும். அதனால் பழ சீசனிலேயே கொட்டைகளைச் சேகரித்து விதைக்கிறார்கள். தாய் மரத்தில் நுனிக்கிளையைத் தேர்ந்தெடுத்து, வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலைகளைக் கிள்ளி, காம்பை மட்டும் விட்டுவைக்கிறார்கள். மொட்டு புடைத்து நிற்கும்போது குச்சியை வெட்டி, அடியை ஆப்பு போல இரு பக்கமும் சீவி, பிளந்த வேர்ச்செடியில் செருகுகிறார்கள். இரண்டின் பட்டைகளும் குறைந்தது ஒரு பக்கமாவது நேராகப் பொருந்த வேண்டும். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசுதான் ஒட்டிக்கொள்கிறது. பிறகு பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றி, ஈரம் போகாதபடி சிறு உறை மாட்டுகிறார்கள். சீவும் கத்தி மழுங்கியிருந்தாலும், சீவிய முகத்தில் விரல் பட்டாலும், வெயிலில் காய்ந்தாலும் ஒட்டுப் பிடிக்காது. வேகமும் சுத்தமும் ஒரே கையில் சேர்ந்திருக்க வேண்டிய வேலை இது. இரண்டு மூன்று வாரத்தில் செந்தளிர் தலைகாட்டும்.

இதற்கு முந்தைய முறை நெருக்கு ஒட்டு. வேர்ச்செடித் தொட்டியைப் பரண் கட்டித் தாய்மரக் கிளைக்கு அருகே உயர்த்தி, இரண்டையும் சீவிச் சேர்த்துக் கட்டி, மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காப்பார்கள். அந்த உழைப்பை மேலே சொன்ன குச்சி ஒட்டு பெரிதும் குறைத்துவிட்டது. ஆனால் நல்ல கை இல்லாமல் இரண்டும் நடக்காது. மண் கலப்பது, பை நிரப்புவது, களை எடுப்பது போன்ற வேலைகளில் பெரும்பாலும் பெண்கள். ஒட்டுக் கட்டுபவரின் திறமைக்குத் தனி மதிப்பும் கூலியும் கிடைக்க வேண்டும். கன்றின் ஆயுள் முழுவதும் அந்த ஒரு வெட்டை நம்பியிருக்கிறது.

ஒட்டு மாங்கன்றை நடும்போது, தாம்பரத்துச் சரளைச் செம்மண்ணில் குழியைத் தாராளமாக வெட்டி, மேல்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் கலந்து நிரப்ப வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே முளைக்கும் துளிர் வேர்ச்செடியுடையது, உடனே கிள்ளிவிட வேண்டும். முதல் மூன்று ஆண்டுப் பூக்களை உதிர்த்துவிட்டால் மரம் திடப்படும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் இப்பகுதியின் மரங்களை வேரோடு சாய்த்ததை மறக்காமல், கவாத்துச் செய்து உயரத்தைக் கட்டுக்குள் வைப்பது நல்லது.

சிறிய மனைக்கு நீலமும் மல்லிகாவும் ஏற்றவை. கொய்யா வேண்டுபவர்கள் லக்னோ 49 பதியக் கன்றை வைக்கலாம். கன்று வாங்கும்போது ஒட்டுத் தழும்பு நன்றாகக் கூடியிருக்கிறதா, அதற்கு மேலே வந்த தளிர் முற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பீச் கன்றை மலையில் நிலம் உள்ளவர்கள் வாங்கட்டும்.