பெயர் என்ன?

அரியலூரிலிருந்து பெரம்பலூர்ப் பள்ளிக்குப் பேருந்தில் செல்கையில், முல்க் ராஜ் ஆனந்தின் 'அன்டச்சபிள்' நாவலை மீண்டும் படித்தோம். கல்லூரியில் அதைத் தேர்வுக்குப் படித்தோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம்!

1905-இல் பெஷாவரில், செம்புக் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் ஆனந்த். மலம் அள்ளும் இளைஞன் பக்காவின் ஒரே நாள் வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக வடித்தார். பத்தொன்பது பதிப்பகத்தார் மறுத்த பின்னரே, 1935-இல் அது வெளிவந்தது. தெருவில் தன் வருகையைத் தானே கூவி அறிவிக்க வேண்டியவன் பக்கா. ஒருநாள் கூவ மறந்தான், ஒருவர்மீது பட்டுவிட்டான், கன்னத்தில் அறை விழுந்தது. ஏன்? பிறந்த குலம் ஒன்றே காரணம்!

இதனை வகுப்பில் தமிழில் உரைத்தோம். ஒரு மாணவி எழுந்தாள்.

"நம் பள்ளியைக் கூட்டும் அம்மாவின் பெயர் என்ன, ஐயா?"

திகைத்து நின்றோம். ஏட்டில் வாழும் பக்காவை அறிந்த நாம், மூன்றாண்டுகளாக எதிரில் நிற்பவரை 'ஆயா' என்றே அழைத்து வந்தோம்.

கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. பெயரைக் கேட்பதற்குமா சட்டம் வேண்டும்?

அன்று மாலையே கேட்டோம். நாணத்தோடு சொன்னார். மறுநாள் காலை, அப்பெயரோடு 'அம்மா' என்பதையும் சேர்த்து வகுப்பே எழுந்து வணக்கம் கூறிற்று. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அவரும் கைகுவித்தார்.

தோழர்களே, நூலைப் படித்து முடித்தது அன்றுதான்!